எடை குறைக்க எந்தக் காலை உணவு? பதினோரு மணிப் பசியை வைத்து ஓர் ஒப்பீடு

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த முதல் வாரம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இருப்பதிலேயே கலோரி குறைந்த காலை உணவு எது என்று தேடி, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 30 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸ், அரை கப் கொழுப்பு நீக்கிய பால். மொத்தமே 155 கலோரிக்குப் பக்கம்தான். எட்டு மணிக்குச் சாப்பிட்டு எழுந்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. பத்தரைக்கு வயிற்றைக் கிள்ள ஆரம்பித்தது. மேஜை இழுப்பறையில் இருந்த பாக்கெட்டிலிருந்து நான்கு பிஸ்கட், கூடவே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் காபி. அதுவே 300 கலோரியைத் தொட்டிருக்கும். ஒரு மணிக்கு மதியச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தபோதும் பசி அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு அவித்த முட்டை, ஒரு முழுக்கோதுமை பிரெட் துண்டு, ஒரு ஆரஞ்சு என்று மாற்றிப் பார்த்தேன். இது 290 கலோரி, முதல் வாரத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் பதினோரு மணிக்கு நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்ததால் வந்த பலன் இல்லை, அந்த நினைப்பே வரவில்லை. மதியம் வரைக்குமான கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 155 கலோரிக் கிண்ணம் 455 ஆகியிருந்தது. 290 கலோரித் தட்டு 290 ஆகவே நின்றது.

அதனால் இந்தக் கட்டுரையில் காலை உணவுகளை அந்த அளவுகோலை வைத்தே ஒப்பிடப் போகிறேன். தட்டில் எத்தனை கலோரி என்பது பாதிக் கணக்கு. சாப்பிட்ட மூன்று மணி நேரம் கழித்து அது உங்களை என்ன செய்ய வைக்கிறது என்பது மீதிக் கணக்கு.

முதலில், சாப்பிடத்தான் வேண்டுமா?

எதைச் சாப்பிடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது. காலை உணவைத் தவிர்த்தால் எடை கூடும் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், கணிசமாக எடை குறைத்து அதைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பவர்களின் பழக்கங்களைக் குறித்து வைக்கிறார்கள். அதில் 78 சதவீதம் பேர் தினமும் காலை உணவு சாப்பிடுவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் காலையில் சாப்பிட்டதால் இளைத்தார்களா, இல்லை ஒழுங்காக வாழ்கிறவர்கள் காலையிலும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதை ஒரு பதிவேடு சொல்ல முடியாது.

ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகள் வேறு கதை சொன்னன. 2014இல் வெளிவந்த ஒரு சோதனையில் 300க்கும் மேற்பட்டவர்களை 16 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். காலையில் சாப்பிடச் சொன்னதாலோ தவிர்க்கச் சொன்னதாலோ எடையில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிட்டவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 260 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள், எடையும் சராசரியாக 0.44 கிலோ கூடுதலாக இருந்தது. அந்தச் சோதனைகளில் பல குறுகிய காலத்தவை, தரத்திலும் குறை உண்டு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று தெளிவு. பசியே இல்லாமல் கடமைக்காகக் காலையில் சாப்பிட்டு யாரும் இளைக்கப் போவதில்லை.

என் கருத்து இதுதான். காலையில் பசிக்காது, பன்னிரண்டு மணி வரை நிம்மதியாக இருப்பேன், மதியமும் அளவோடுதான் சாப்பிடுவேன் என்றால், விட்டுவிடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். காலையில் விட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவராக இருந்தால், காலை உணவு உங்களுக்குத் தேவை. அபர்டீன் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே உதவும். ஒரே அளவு கலோரியை ஒரு மாதம் காலையில் அதிகமாகவும், இன்னொரு மாதம் மாலையில் அதிகமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை இரண்டு முறையும் ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்ட மாதத்தில் நாள் முழுக்கப் பசி குறைவாக இருந்தது. டயட் முறிந்துபோவது பெரும்பாலும் பசியால்தான், அதனால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மேலே சொன்னதைப் படித்துவிட்டுத் தாங்களாகக் காலை உணவை நிறுத்தக் கூடாது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிய பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

எது வயிற்றில் நிற்கிறது

1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 38 உணவுகளை எடுத்துக்கொண்டு ஒரு எளிமையான கேள்வி கேட்டார்கள். எல்லா உணவிலும் ஒரே 240 கலோரி கொடுத்தால், எது அதிக நேரம் பசியை அடக்கி வைக்கும்? இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பசி எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 என்று வைத்து மற்றவற்றை அளந்தார்கள்.

காலை மேஜைக்கு வருகிற உணவுகளை மட்டும் பார்த்தால், ஓட்ஸ் கஞ்சிக்கு 209, ஆரஞ்சுக்கு 202, ஆப்பிளுக்கு 197, முழுக்கோதுமை பிரெட்டுக்கு 157, முட்டைக்கு 150, கார்ன்ஃப்ளேக்ஸுக்கும் வாழைப்பழத்துக்கும் 118, ஓட்ஸும் உலர்பழமும் கலந்த மியூஸ்லிக்கு 100. கடைசியில் நின்றது குரோசான், 47. அதாவது வெண்ணெய் போட்டு மடித்துச் சுட்ட அந்த ரொட்டி, அதே கலோரிக்கு வெள்ளை பிரெட் தரும் நிறைவில் பாதியைக்கூடத் தரவில்லை. முதலிடம் எதற்குத் தெரியுமா? வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. எடை குறைக்கிறவர்கள் முதலில் ஒதுக்கி வைக்கும் பொருள் அதுதான்.

ஒவ்வொரு உணவையும் சோதித்தவர்கள் பதினொன்று முதல் பதின்மூன்று பேர்தான், இரண்டு மணி நேரம் என்பதும் மதியம் வரை நீளாது. எனவே எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வரிசைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீரும் நார்ச்சத்தும் புரதமும் அதிகமுள்ள உணவு வயிற்றில் இடம் பிடிக்கிறது, மெதுவாக இறங்குகிறது. கொழுப்பும் மாவும் சேர்ந்து மெத்தென்று இருக்கும் உணவு நாலு வாயில் முடிந்துபோகிறது, வயிற்றுக்குச் செய்தி போவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

முட்டையும் ஓட்ஸும்

நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மற்றவற்றைப் பிறகு வேகமாகப் பார்த்துவிடலாம்.

ஒரு பெரிய முட்டையில் 70 முதல் 75 கலோரி, 6 கிராம் புரதம். புரதத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. புரதத்திலிருந்து வரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தை அதைச் செரிக்கவே உடம்பு செலவழித்துவிடுகிறது. மாவுச்சத்தில் இந்தச் செலவு 5 முதல் 10 சதவீதம், கொழுப்பில் மூன்று சதவீதத்துக்குள். 2008இல் வெளிவந்த ஒரு சோதனையில், கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டு வந்தவர்களில் ஒரு பிரிவுக்குக் காலையில் இரண்டு முட்டையும், இன்னொரு பிரிவுக்கு அதே கலோரியில் பேகல் என்ற வளைய வடிவ ரொட்டியும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் முட்டை சாப்பிட்டவர்கள் 65 சதவீதம் கூடுதலாக எடை இழந்தார்கள். இதோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுக்குப் பணம் வந்தது முட்டைத் துறை சார்ந்த அமைப்பிடமிருந்து. அப்புறம், அதே ஆய்வில் மற்ற வேளைகளில் கலோரியைக் குறைக்காமல் காலையில் முட்டையை மட்டும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு எடை குறையவில்லை. முட்டை இளைக்க வைக்காது. இளைப்பதற்கு நீங்கள் எடுக்கும் முயற்சியைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

முட்டையைக் கெடுப்பது எண்ணெய். இதை ஒரு நாள் அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எப்போதும்போலப் பாட்டிலைச் சாய்த்து எண்ணெயை வாணலிக்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூனில் ஊற்றினேன். ஸ்பூன் நிரம்பி வழிந்தது. அந்த ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 120 கலோரி, அதில் நான் உடைத்து ஊற்றப் போகும் முட்டையைவிட அதிகம். அன்றிலிருந்து ஒட்டாத வாணலியில் ஒரு டீஸ்பூனை அளந்துதான் விடுகிறேன், அது 40 கலோரி. அவித்தால் அந்தக் கவலையும் கிடையாது. பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஓடு சுலபமாக உரியும், நாலு முட்டையாக அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் காலை வேலை முடிந்தது.

மஞ்சள் கருவை எடுத்து எறிகிறவர்கள் நிறையப் பேர். அதில் 55 கலோரி மிச்சமாவது உண்மைதான். ஆனால் முட்டைப் புரதத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் அந்தக் கருவில்தான் இருக்கிறது. வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் பசிக்கிறது என்று வருந்துவதில் நியாயமில்லை. ஒரு கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதால், கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கெனவே ஏறியிருப்பவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் தினம் எத்தனை சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓட்ஸுக்கு வருவோம். 40 கிராம் உலர்ந்த ஓட்ஸில் 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. இதில் விசேஷம் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார். ஓட்ஸ் கஞ்சி ஆற ஆறக் கொழகொழவென்று ஆவது இதனால்தான். வயிற்றிலும் அதே கொழகொழப்பு, உணவு மெதுவாகவே கீழே இறங்கும். தினம் 3 கிராம் பீட்டா குளுக்கான் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பதை வைத்து, ஓட்ஸ் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க அரசு 1997இலேயே அனுமதி கொடுத்தது. ஒரு கிண்ணத்தில் அதில் பாதிக்குமேல் வந்துவிடும்.

ஆனால் எல்லா ஓட்ஸும் ஒன்றில்லை. தானியத்தைத் துண்டு துண்டாக வெட்டியது, தட்டையாக நசுக்கியது, வெந்நீர் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் தயாராகும் உடனடி ஓட்ஸ் என்று மூன்று வகை. கலோரி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் குறியீட்டில்தான் வித்தியாசம் தெரிகிறது. நசுக்கிய ஓட்ஸ் 55 பக்கம், உடனடி ஓட்ஸ் 80 பக்கம். எவ்வளவு பொடிதாகிறதோ அவ்வளவு வேகமாகச் செரிக்கிறது. அதிலும் சுவை சேர்த்த சிறு பாக்கெட்டுகளில் சர்க்கரை வேறு கலந்திருக்கும். கனமான நசுக்கிய ஓட்ஸை வாங்குங்கள். வேகவைக்க ஐந்து நிமிடம் இல்லாதவர்கள் இரவே பாலிலோ தயிரிலோ ஊறப் போட்டுவிட்டால், காலையில் அடுப்பே தேவையில்லை.

ஓட்ஸின் குறை புரதம். தண்ணீரில் மட்டும் கிண்டிய ஓட்ஸ் எனக்குப் பத்தே முக்காலுக்குமேல் தாங்கவில்லை. 200 மில்லி பாலில் வேகவைத்தால் 7 கிராம் புரதம் கூடுகிறது, கூடவே நறுக்கிய ஒரு ஆப்பிள் சேர்த்தால் மொத்தம் 330 கலோரிக்குப் பக்கம், அது மதியம் வரை நின்றது. தேன், உலர்திராட்சை, ஒரு கை பாதாம் என்று சேர்த்துக்கொண்டே போனால் 500ஐத் தாண்டிவிடும். தேன் ஆரோக்கியமானது என்ற பெயரில் இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றினால் அதுவே 128 கலோரி. உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

ஆக இந்த இரண்டில் எது? உப்பு, காரமாகச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்பவர்களுக்கு முட்டை. மலச்சிக்கலும் கொலஸ்ட்ராலும் தொந்தரவு தருகிறவர்களுக்கு ஓட்ஸ். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டு மதியம் இரண்டு மணி வரை இடைவெளி இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் முட்டையும் ஒரு முழுப் பழமும் என்றுதான் சொல்வேன். முட்டையில் நார்ச்சத்து சுத்தமாகக் கிடையாது என்பதால் அந்தப் பழத்தை விட்டுவிடக் கூடாது.

பிரெட்

வெள்ளையை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டேன், இனிக் கவலையில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விவரம். சர்வதேச கிளைசெமிக் அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக்கோதுமை பிரெட்டின் சராசரி 74. இரண்டையும் நைசாக அரைத்த மாவில் செய்வதுதான் காரணம். ஆனாலும் முழுக்கோதுமையில் நார்ச்சத்து அதிகம், நிறைவும் அதிகம், சிட்னி அட்டவணையில் 157 வந்ததைப் பார்த்தோம். தானியங்கள் கடிபடும்படி முழுசாகக் கிடக்கிற கனமான ரொட்டி கிடைத்தால் அது இன்னும் மேல். பாக்கெட்டில் பழுப்பு நிறம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பொருள் பட்டியலில் முதல் பெயர் முழுக்கோதுமை மாவா என்று பாருங்கள். நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்தும் வரும்.

ஒரு துண்டு 75, 80 கலோரிதான். மேலே என்ன தடவுகிறோம் என்பதில்தான் வழுக்குகிறது. ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் 100 கலோரி, புரதம் கிடையாது. அதே 100 கலோரிக்குக் கிடைக்கும் வேர்க்கடலை வெண்ணெயில் 4 கிராம் புரதமாவது இருக்கிறது. ஜாமைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது சர்க்கரை.

பெட்டியில் வரும் தானியங்கள்

கார்ன்ஃப்ளேக்ஸை ஏற்கெனவே பார்த்தோம். 30 கிராமில் 2 கிராம் புரதம், நார்ச்சத்து ஒரு கிராமுக்கும் கீழ், கிளைசெமிக் குறியீடு 80ஐத் தாண்டும். பசி சீக்கிரம் வந்ததில் வியப்பில்லை.

என்னை ஏமாற்றியது கிரானோலா. பெட்டியில் ஓட்ஸ், பாதாம், தேன் படம். ஒரு பரிமாறலுக்கு 45 கிராம், 210 கலோரி என்று போட்டிருந்தது. சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பார்க்காமல் வழக்கம்போலக் கொட்டினேன். கிண்ணம் முக்கால்தான் நிறைந்திருந்தது. தராசைப் பார்த்தால் 95 கிராம். பாலை ஊற்றும் முன்பே 440 கலோரி. சரியாக 45 கிராம் அளந்து போட்டபோது கிண்ணத்தின் அடிதான் மறைந்தது, பரிமாற மறந்துவிட்ட மாதிரி இருந்தது. எண்ணெயும் தேனும் சேர்த்து வறுத்துக் கட்டிகட்டியாக்கிய பொருள் அது, எடை அதிகம், இடம் குறைவு. மொறுமொறுப்பு வேண்டும் என்றால் ஒரு டேபிள்ஸ்பூனைத் தயிரின் மேல் தூவிக்கொள்ளலாம். கிண்ணம் நிறையக் கொட்டிச் சாப்பிட, எடை குறைக்கும் காலத்தில் ஏற்றதில்லை. வறுக்காத மியூஸ்லி கொஞ்சம் பரவாயில்லை, உலர்பழம் குறைவாக இருந்தால்.

பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்றால் முகப்பைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல், சர்க்கரை 5 கிராமுக்குக் கீழ் என்றால் எடுங்கள். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கக் கடையில் நேரம் பிடிக்கும்.

தயிர்

முட்டை சாப்பிடாதவர்களுக்கு என் முதல் சிபாரிசு, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் புரதம். கொழுப்பு நீக்கி, வடிகட்டிக் கெட்டியாக்கியதில் 10 கிராம், கலோரியோ அதே 60தான். 200 கிராம் கிண்ணத்தில் 20 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது, இது மூன்று முட்டைக்குச் சமம். அதில் ஒரு ஆப்பிளை நறுக்கிப் போட்டு, இரண்டு ஸ்பூன் ஓட்ஸைத் தூவினால் 230 கலோரியில் முழுமையான உணவு. பழச்சுவை சேர்த்த கப்பை வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் உடைந்துபோகும், ஒரு சின்னக் கப்பிலேயே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரை இருக்கும்.

பாலும் ஆகாது என்பவர்களுக்கு வேகவைத்த கொண்டைக்கடலையோ பீன்ஸ் வகைகளோ இருக்கின்றன. 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 164 கலோரி, 9 கிராம் புரதம், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. புரதமும் நாரும் சேர்ந்து இவ்வளவு தருகிற வேறு உணவு காலை மேஜையில் இல்லை.

கடிப்பதா, குடிப்பதா

பழமும் பழச்சாறும் ஒன்றுதானே என்று கேட்கிறவர்களுக்கு, 1977இல் லான்செட் இதழில் வந்த ஒரு சோதனையைச் சொல்வேன். ஒரே அளவு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். சாற்றை முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகத்தில் குடித்து முடித்தார்கள். பசி சீக்கிரம் திரும்பியதும் சாறு குடித்தவர்களுக்குத்தான். 2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு சோதனையில், சாப்பாட்டுக்கு முன் ஒரு ஆப்பிளைக் கடித்துத் தின்றவர்கள் அந்த வேளையில் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆப்பிள் சாறு குடித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, சாற்றில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தும் கிடைக்கவில்லை. நார் இருந்தால் மட்டும் போதாது, மெல்ல வேண்டும்.

வீட்டில் ஒரு டம்ளர் ஆரஞ்சு சாறு பிழிந்து பார்த்தேன். மூன்று பழம் தேவைப்பட்டது. பிழிந்த சக்கையைக் கூட்டி வைத்தால் ஒரு கை நிறைய வந்தது, அதை எறிந்துவிட்டு 20 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள தண்ணீரை அரை நிமிடத்தில் குடித்து முடித்தேன். அந்த மூன்று பழத்தை உரித்துத் தின்றிருந்தால் இரண்டாவதிலேயே போதும் என்று வைத்திருப்பேன்.

ஸ்மூத்தியில் சக்கை போகாது, அது ஒரு படி மேல். ஆனால் மிக்ஸியில் எதைப் போட்டாலும் கரைந்துவிடுவதுதான் அதன் ஆபத்து. ஒரு வாழைப்பழம் 105, ஒரு டம்ளர் முழுப்பால் 150, வேர்க்கடலை வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 95, தேன் ஒரு டேபிள்ஸ்பூன் 64. ஆயிற்று, 414 கலோரி, மெல்லாமலே உள்ளே போய்விட்டது. ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டிய நாளில் ஸ்மூத்தி கைகொடுக்கும். அந்த நாட்களில் தேனை விடுங்கள், பாலுக்குப் பதில் கெட்டித் தயிரைப் போடுங்கள், இன்னொரு பழத்தை முழுதாகக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை உணவோடு சேர்ந்து வரும் காபி, டீயையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 100 மில்லி முழுப்பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் ஒரு கோப்பைக்கு 90 கலோரி. மதியத்துக்குள் மூன்று கோப்பை என்றால் இன்னொரு காலை உணவையே குடித்துவிட்டோம். சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடுகிறது. எனக்கு நான்கு வாரம் ஆனது.

மஃபின், டோனட், குரோசான் வகையறாவை நீளமாக ஒப்பிட எதுவுமில்லை. கடையில் விற்கும் பெரிய மஃபின் ஒன்று 400 கலோரி, காலை உணவு என்ற பெயரில் வரும் கேக் அது. பிடிக்கும் என்றால் வாரத்தில் ஒரு நாள் கேக் என்றே நினைத்து, ரசித்துச் சாப்பிடுங்கள்.

எப்படி முடிவு செய்வது

இத்தனை எண்களையும் படித்த பிறகு உங்கள் வயிறு வேறு மாதிரி சொல்லலாம். அதனால் நான் செய்ததையே செய்து பாருங்கள். இரண்டு தட்டுகளைத் தேர்ந்தெடுங்கள், இரண்டிலும் 300 முதல் 350 கலோரி, குறைந்தது 15 கிராம் புரதம், கடித்துத் தின்னும் ஒரு பழம் இருக்கட்டும். பாலில் வெந்த ஓட்ஸை எடுத்தால் ஒரு கரண்டி கெட்டித் தயிரைக் கூடச் சேர்த்துக்கொண்டால் புரதக் கணக்கு சரியாகிவிடும். ஒன்றை நான்கு நாள், மற்றதை நான்கு நாள். ஒரு தாளில் தினமும் இரண்டே விஷயம் எழுதுங்கள்: சாப்பிட்ட நேரம், அடுத்து நிஜமாகவே பசித்த நேரம். சலிப்பாலோ, பக்கத்தில் இருப்பவர் நீட்டியதாலோ வாயில் போட்டதையும் தனியாகக் குறியுங்கள், அதைப் பசிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூக்கம் கெட்ட இரவுக்கு அடுத்த நாளையும் விட்டுவிடுங்கள், அன்று எதைத் தின்றாலும் பசிக்கும்.

என் தாளில் ஓட்ஸ் நான்கு நாளும் பன்னிரண்டேகால் சுற்றி நின்றது. முட்டையும் பழமும் மூன்று நாள் ஒரு மணியைத் தாண்டியது, ஒரு நாள் பதினொன்றரைக்கே பசித்துவிட்டது. அன்று ஆரஞ்சு தீர்ந்துபோயிருந்தது, முட்டையை மட்டும் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தேன்.